லண்டனில் எடுத்த போன் கான்ட்ராக்ட்: பாதியில் ஊர் திரும்புகிறவர் செய்ய வேண்டியது

கேள்வி இது. எம்எஸ்சி படிக்க லண்டன் வந்த தம்பி ஒருவர், வந்த இரண்டாவது வாரமே 24 மாத கான்ட்ராக்ட்டில் ஒரு போன் எடுத்திருக்கிறார். மாதம் 42 பவுண்டு. புதிதாக வந்தவர் என்பதால் கிரெடிட் செக்கில், அதாவது இங்குள்ள கடன் வரலாற்றைப் பார்க்கும் சோதனையில், தேறவில்லை. இல்ஃபோர்டில் இருக்கும் மாமா தன் பெயரில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசாவில் இங்கேயே வேலை தேடுவதாகத் திட்டம். இப்போது அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, திருச்சிக்கே திரும்புகிறார். 12 மாதம் கட்டியாகிவிட்டது, இன்னும் 12 மாதம் பாக்கி. "விசா முடியுதுன்னு லெட்டர் காட்டினா விட்டுடுவாங்களா? இல்லைன்னா டைரக்ட் டெபிட்டை நிறுத்திட்டுக் கிளம்பிடலாமா? கூட இருந்த பசங்க அப்படித்தான் போனாங்க" என்று கேட்கிறார். (டைரக்ட் டெபிட் என்பது பேங்க் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு.)

தம்பி, முதல் கேள்விக்கு பதில்: விடமாட்டார்கள். இரண்டாவதற்கு: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஈஸ்ட் ஹாமில் ஒரு போன் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். நீங்கள் கேட்கும் இந்தக் கேள்வி ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜனவரியிலும் கவுண்டருக்கு வரும். வராமலேயே போனவர்களின் கதையும் பிறகு வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரிட்டனில் நாட்டை விட்டுப் போவது கான்ட்ராக்ட்டைக் காசில்லாமல் முறிக்க ஒரு காரணம் ஆகாது. அப்படி ஒரு சட்டம் இல்லை. வேலை போனது, படிப்பு நின்றது, விசா முடிந்தது என்று எதைக் காட்டினாலும் நிறுவனம் மனது வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. எதுவும் கொடுக்காமல் வெளியேற சில வாசல்கள்தான் இருக்கின்றன. ஆன்லைனிலோ போனிலோ வாங்கியிருந்தால் முதல் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம், 2013-இல் வந்த நுகர்வோர் விதிகள் தரும் உரிமை அது. கடைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் கடையில்தான் வாங்குகிறார்கள் என்பது இங்கே முக்கியம். அடுத்தது, கான்ட்ராக்ட்டில் எழுதாத விதமாக நடுவில் விலையைக் கூட்டினால் நிறுவனம் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், நீங்கள் அபராதமின்றி வெளியேறலாம். ஆனால் ஏப்ரல் மாதம் வரும் வழக்கமான உயர்வு இதில் சேராது. 2025 ஜனவரி 17-க்குப் பிறகு போடும் கான்ட்ராக்ட்டுகளில் அந்த உயர்வு எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது இங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. எழுதியதைத்தான் கூட்டுகிறார்கள் என்றால் அதைக் காட்டி வெளியேற முடியாது. உங்கள் நிலைமைக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. ஆகவே, காசு கொடுத்துத்தான் முடிக்க வேண்டும். எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்பதைப் பார்ப்போம்.

முதலில் மாமாவின் ஆன்லைன் கணக்கைத் திறந்து, உங்கள் 42 பவுண்டு எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். இன்றைக்குப் பெரும்பாலான கான்ட்ராக்ட்டுகள் இரண்டு காகிதங்கள். ஒன்று ஏர்டைம், அதாவது பேசுவதற்கும் டேட்டாவுக்கும். மற்றொன்று ஹேண்ட்செட்டுக்கான கடன். ஏர்டைமை 24 மாதத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது. போன் கடனை 36 மாதம் வரைக்கும் இழுக்கிறார்கள். ஓராண்டுப் படிப்புக்கு வந்தவனின் விசா, படிப்பு முடிந்து நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். அவன் கையில் 36 மாதக் கடனைக் கொடுக்கும் வழக்கம் எனக்கு அப்போதும் பிடித்ததில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. உங்களுடையது 24 என்பது கொஞ்சம் ஆறுதல்.

உதாரணத்துக்கு 26 பவுண்டு போனுக்கு, 16 பவுண்டு ஏர்டைமுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்குப் போன் கடன் பாக்கி 312 பவுண்டு. ஏர்டைம் பாக்கி 192. மொத்தம் 504. பாதியில் முடித்தால் ஏர்டைமுக்கு மீதி மாதங்களின் கட்டணம்வரை கேட்பார்கள். உங்களுக்குச் சேவை தராததால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவைக் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்று ஆஃப்காமின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதனால் 192 என்பது கொஞ்சம் குறையலாம், பெரிதாகக் குறையாது. போன் கடன் வட்டியில்லாக் கடன் என்றால், முன்கூட்டிக் கட்டினாலும் ஒரு பைசா தள்ளுபடி வராது. கழிக்க வட்டியே இல்லையே.

அதாவது, "பாதியில் முடிப்பது" என்பதால் மட்டும் உங்களுக்குப் பெரிய மிச்சம் எதுவும் இல்லை. பன்னிரண்டு மாதமாகக் கட்ட வேண்டியதை ஒரே நாளில் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். மிச்சம் பிடிக்கும் இடங்கள் வேறு.

போன் கடனைத் தனியாகப் பாருங்கள். அந்தக் காசு எங்கும் போய்விடவில்லை, போனாக உங்கள் கையில் இருக்கிறது. 2021 டிசம்பர் 17 முதல் இங்குள்ள நிறுவனங்கள் லாக் செய்த போனை விற்கக் கூடாது. உங்கள் போனில் ஜியோ சிம்மோ ஏர்டெல் சிம்மோ போட்டால் திருச்சியில் அப்படியே வேலை செய்யும். இல்லை, காசு முடை என்றால் இங்கேயே விற்றுக் கடனில் பெரும்பகுதியை அடைக்கலாம். ஆனால் விற்ற கையோடு கடனை முழுவதும் அடைத்துவிடுங்கள். கடன் கட்டாமல் நின்றால் அந்தப் போனின் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, நிறுவனம் பிளாக் செய்துவிடக்கூடும், வாங்கியவன் உங்களைத் தேடுவான்.

ஏர்டைம்தான் வீணாகப் போகிற பணம். இதற்கு இரண்டு வழி. பல நிறுவனங்கள் நடுவில் குறைந்த பிளானுக்கு இறங்க விடுகின்றன. 16 பவுண்டு பிளானை 10 பவுண்டுக்கு இறக்கினாலே 12 மாதத்தில் 72 பவுண்டு மிச்சம், முடிப்பதற்கான கட்டணமும் அதன்படி குறையும். எத்தனை மாதம் ஆன பிறகு இறங்கலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வழி, கான்ட்ராக்ட்டைக் கைமாற்றுவது. இங்கேயே இருக்கப் போகிற உங்கள் அறைத் தோழர் யாராவது மீதி 12 மாதத்தை எடுத்துக்கொள்ளத் தயார் என்றால், பெயர் மாற்றிக் கொடுப்பார்கள். அவருக்கும் கிரெடிட் செக் உண்டு. போன் கடன் மட்டும் கைமாறாது, கையெழுத்துப் போட்டவர் பெயரிலேயே நிற்கும். பெரும்பாலும் அதைக் கட்டி முடித்த பிறகுதான் ஏர்டைமை மாற்றுவார்கள். இந்த இரண்டு வேலைக்கும் போன் செய்து பேச வேண்டியவர் மாமா. கணக்கு அவர் பெயரில். நீங்கள் பேசினால் பாதுகாப்புக் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். மாமா போன் செய்து, கஸ்டமர் சர்வீஸில் காத்திருந்து, "போகாதீர்கள், 20 ஜிபி கூடுதலாகத் தருகிறோம்" என்பதைக் கேட்டு, 30 நாள் நோட்டீஸ் கொடுத்து என்று அலைய வேண்டியதில்லை. 2019 ஜூலை 1 முதல் எஸ்எம்எஸ்ஸிலேயே வெளியேறலாம்.

முதலில் "இன்ஃபோ" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, அந்த சிம்மிலிருந்தே 85075-க்கு அனுப்புங்கள். இன்றைக்கு முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பதில் வரும். இதை அனுப்புவதால் எதுவும் ரத்தாகாது, எண்ணைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும். கடைக்காரர் சொன்னது, நண்பர் சொன்னது, நான் மேலே போட்ட கணக்கு எல்லாவற்றையும் விட இந்த மெசேஜில் வருவதுதான் உங்கள் தொகை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஏதாவதொரு நிறுவனத்தின் பே-அஸ்-யூ-கோ சிம் வாங்குங்கள். சிம் பெரும்பாலும் இலவசம், சில பவுண்டு டாப்-அப் போட்டால் போதும். பிறகு பழைய சிம்மிலிருந்து பி, ஏ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்தை 65075-க்கு அனுப்புங்கள். உடனே ஒரு கோடு வரும். இதைத்தான் இங்கே பேக் கோடு என்கிறோம். 30 நாள் செல்லும். அந்தக் கோடை புது நிறுவனத்தின் ஆப்பிலோ போனிலோ கொடுத்தால், அடுத்த வேலை நாளில் உங்கள் பழைய எண் புது சிம்முக்கு வந்துவிடும், பழைய ஏர்டைம் கான்ட்ராக்ட் அந்த நாளோடு முடிந்துவிடும். எண் மாறிய பிறகு நோட்டீஸ் காலம் என்று சொல்லி அவர்கள் ஒரு நாளுக்கும் காசு வாங்கக் கூடாது. முடிக்கும் கட்டணம் மட்டும் கடைசி பில்லில் வரும். எண் வேண்டாம் என்பவர்களுக்கு 75075-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி வாங்கும் ஸ்டேக் கோடு இருக்கிறது. ஆனால் அதையும் இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்தால்தான் பழையது முடியும். கோடு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்து விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். கோடு வாங்குவது பாதி வேலைதான், அதைக் கொடுத்தால்தான் கதவு மூடும்.

இதோடு, போன் கடன் என்ன ஆகும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏர்டைம் முடிந்ததும் முழுக் கடனையும் ஒரே நேரத்தில் கேட்கும் நிறுவனமும் உண்டு, மாதாமாதம் தொடர விடும் நிறுவனமும் உண்டு.

எண்ணைக் கூடவே ஊருக்குக் கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் போன பிறகுதான் இந்த எண்ணுக்கு வேலை அதிகம். வீட்டு டெபாசிட் திரும்ப வர வேண்டும். பகுதி நேர வேலையில் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும், வரித்துறையான எச்எம்ஆர்சியின் கணக்கில் நுழைய கோடு வரும். பேங்க் ஆப்புக்கு ஓடிபி வரும். இ-விசா கணக்கிலும் இதே எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். இந்தியாவில் ரோமிங்கில் இருக்கும்போது பேசினால் காசு கொட்டும், எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பொதுவாகக் காசு கிடையாது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் மட்டும் எண்ணை எடுத்துவிடுவார்கள், எத்தனை மாதம் என்று வாங்கும்போதே பாருங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் உயிரோடு இருக்கும்.

இப்போது டைரக்ட் டெபிட் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

2016-இல் நண்பர் ஒருவரின் தம்பி படிக்க வந்தான். நல்ல பையன். உங்களைப் போலவே கிரெடிட் செக்கில் தேறவில்லை, நான் என் பெயரில் எடுத்துக் கொடுத்தேன். பணம் அவன் பேங்க் கணக்கிலிருந்து போகும், பேப்பரில் பெயர் மட்டும் என்னுடையது. 2017 கடைசியில் அவன் ஊருக்குப் போனான். போகும் முன் பேங்க்குக்குப் போய்க் கணக்கை மூடினான். அதோடு டைரக்ட் டெபிட்டும் நின்றது. நான் அதற்குள் வீடு மாறியிருந்தேன், நிறுவனத்துக்கு முகவரி மாற்றிச் சொல்லவில்லை. கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டுக் கதவுக்குள் விழுந்துகொண்டிருந்திருக்கின்றன.

2020-இல் வீடு வாங்க மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், ஏற்பாடு செய்யும் புரோக்கரிடம் நானும் மனைவியும் போனோம். அவர் கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்து, எதுவும் சொல்லாமல் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். மாதத்துக்கு ஒன்றாகப் பச்சைக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒரே ஒரு வரியில் மட்டும் பச்சை நின்று, 1, 2, 3 என்று எண்கள் ஏறி, கடைசியில் டி என்ற எழுத்து சிவப்பில் இருந்தது. டிஃபால்ட். தொகை 317 பவுண்டு. பதினோரு வருடம் ஒரு பில் தவறாமல் கட்டியவன் நான். குறைந்த வட்டிக்குப் பார்த்து வைத்திருந்த லெண்டர் அதைப் பார்த்ததும் முடியாது என்றார்.

பையனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, பேங்க் அக்கவுண்டையே மூடிட்டேனே, அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறான். அன்றைக்கே பணம் அனுப்பினான். நான் கட்டினேன். கட்டியதும் டிஃபால்ட் பக்கத்தில் "தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு சேர்ந்தது, டிஃபால்ட் போகவில்லை. அது விழுந்த நாளிலிருந்து ஆறு வருடம் இருக்கும், கட்டினாலும் கட்டாவிட்டாலும். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று நிறுவனங்களில் இந்த விவரம் கிடக்கிறது. 2024 வரைக்கும் நான் கேட்ட ஒவ்வொரு கடனிலும் அந்த 317 பவுண்டு எனக்கு முன்னால் போய் நின்றது.

டைரக்ட் டெபிட் என்பது பணம் போகும் குழாய், கான்ட்ராக்ட் வேறு. குழாயை மூடினால் தண்ணீர் வராது, ஆனால் பில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் சிம்மை வெட்டுவார்கள், பிறகு மீதி மாதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக்கி, கடன் வசூல் நிறுவனத்துக்குக் கொடுப்பார்கள். அவர்கள் கோர்ட்டுக்கும் போகலாம். கவுண்டி கோர்ட் தீர்ப்பு வந்தால், ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டாவிட்டால் அதுவும் ஆறு வருடம் பதிவில் நிற்கும். உங்களோடு இருந்த பசங்க "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள் என்றால், ஆனது அவர்கள் கண்ணில் படும் இடத்தில் இல்லை. ஆறு வருடத்துக்குள் வேலை விசாவில் திரும்ப வந்து வீடு வாடகைக்குக் கேட்கும்போது தெரியும். உங்கள் விஷயத்தில் அதுவும் இல்லை. பெயர் மாமாவுடையது. அவர் வீட்டு மார்ட்கேஜ் எப்போது புதுப்பிக்க வரும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நான் எதற்குச் சொல்கிறேன் என்று புரியும்.

கடையில் என்னிடம் பலர் பயந்துகொண்டு கேட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: போன் பில் பாக்கி இருந்தால் ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா, அடுத்த விசா கிடைக்காதா? பிடிக்க மாட்டார்கள். அது தனியார் கடன். என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையின் மருத்துவமனைக்கு 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் விசா மறுக்க விதி இருக்கிறது, போன் பில்லுக்கு அப்படி ஒரு விதி இல்லை. பயமுறுத்திப் பணம் கட்ட வைக்க எனக்கு விருப்பமில்லை. நடப்பது அதுவல்ல, கிரெடிட் ரிப்போர்ட்டில் நடப்பதுதான் நிஜம்.

504 பவுண்டை ஒரே முறை கட்ட முடியாத நிலை என்றால், கிளம்பும் முன்னாலேயே நிறுவனத்திடம் சொல்லித் தவணை கேளுங்கள். சொல்லிவிட்டுத் தவணை கட்டுபவருக்கும் சொல்லாமல் போனவருக்கும் அவர்கள் பதிவில் வித்தியாசம் உண்டு. ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்களும் காசு வாங்காமல் வழி சொல்வார்கள். இல்லை, பேங்க் கணக்கை மூடாமல் அதில் பணம் போட்டு வைத்துவிட்டு, ஊரிலிருந்து 12 மாதமும் டைரக்ட் டெபிட் ஓட விடுவதும் ஒரு வழிதான். ஏப்ரல் உயர்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பணம் வையுங்கள், ஒரு பவுண்டு குறைந்தாலும் அந்த மாதம் திரும்பிவிடும்.

இன்ஃபோ மெசேஜில் வந்த தொகைக்கும் கடைசி பில்லுக்கும் பொருந்தவில்லை என்றால், எழுத்தில் புகார் கொடுங்கள். குறித்த காலத்துக்குள் தீர்க்காவிட்டாலோ, "இதற்கு மேல் எங்களால் முடியாது" என்று டெட்லாக் கடிதம் தந்தாலோ, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் தனி அமைப்புகளான கம்யூனிகேஷன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கோ சிசாஸுக்கோ போகலாம். உங்கள் நிறுவனம் இரண்டில் எதில் சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். காசு கிடையாது. அந்த ஸ்கிரீன்ஷாட் இருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. இதிலும் புகார் மாமா பெயரில்தான் போக வேண்டும்.

நாள் கணக்கும் சொல்கிறேன். டிக்கெட் போட்ட தேதிக்கு ஆறு வாரம் முன்னால் இன்ஃபோ மெசேஜ் அனுப்பிவிடுங்கள், பிளானை இறக்குவதோ கைமாற்றுவதோ அந்த வாரமே பேசிவிடுங்கள். நான்கு வாரம் முன்னால் பேக் கோடு வாங்கி, கையோடு புது சிம்முக்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுக்காதீர்கள், அடுத்த வேலை நாள் திங்கள்தான். எண் மாறியதும் பேங்க் ஆப்பைத் திறந்து ஓடிபி புது சிம்மில் வருகிறதா என்று பாருங்கள். கணக்கின் முகவரி மாமா இப்போது இருக்கும் வீடுதானா என்று சரிபாருங்கள். கடைசி பில் வரும்வரை பேங்க் கணக்கையும் டைரக்ட் டெபிட்டையும் தொடாதீர்கள். மூடத்தான் வேண்டும் என்றால் பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகு ஊரிலிருந்தே மூடலாம். பூஜ்யம் காட்டும் அந்தக் கடைசி பில்லையும், போன் கடன் முடிந்தது என்ற கடிதத்தையும் பிடிஎஃப்பாக இறக்கி மாமாவின் மெயிலுக்கு அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்து அவரிடம் சொல்லி கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு "முடிந்தது" என்று இருக்க வேண்டும், பச்சைக் கட்டத்தோடு.

அப்பா சீக்கிரம் குணமாகட்டும்.